சர்க்கரைக்கு எதிரே ஒரு காலியிடம்

நம் சர்க்கரை ஆலை லேபில் தண்ணீர் பில்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய கரும்பலகை தொங்குகிறது அல்லவா? அதைத் துடைத்துவிட்டு ஷிப்ட் அட்டவணை எழுதிக்கொள்ளலாமா என்று போன வாரம் உங்களில் ஒருவர், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன் செய்து கேட்டார். யாரென்று காட்டிக்கொடுக்க மாட்டேன், கேட்டவருக்குத் தெரியும். என்னென்னவோ பாஷையில் என்னென்னவோ இருக்கிறது, கடைசி வரி வேறு பாதியிலேயே நிற்கிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றார். "அதுல கை வெச்சீங்கன்னா நேர்ல கிளம்பி வந்துருவேன்" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மருமகள் ஓடி வந்தாள். கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. காரணம் மட்டும் சொல்கிறேன், அதுவும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து.

சாற்றில் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்பதையெல்லாம் இப்போது உங்களுக்கு மெஷினே சொல்லிவிடுகிறது. அந்த விஷயத்தில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. மெஷின் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. கையில் இருப்பது என்ன, அதை என்ன செய்வது என்று யோசிக்க நேரமே இல்லாமல் முடிவெடுக்க வேண்டிய இடம். அந்தப் பலகை அப்படியொரு நாளைப் பற்றியது.

முதலில் பலகையின் கதை. நான் இந்த ஆலையில் சேர்ந்தபோது இருந்த சீஃப் கெமிஸ்ட் ஒரு சொல் பைத்தியம். இண்டர்வியூவில் என்னிடம் சர்க்கரை என்றால் என்ன என்று கேட்டார். நான் பார்முலாவை ஒப்பித்தேன். பேருக்கு அர்த்தம் கேட்டேன் என்றார். இனிப்பு என்றேன். மேஜைமேல் இருந்த பெரிய மணிச் சர்க்கரையைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் கொட்டி, "கண்ண மூடிட்டுத் தேச்சுப் பாரும்மா. நாக்கே இல்லாதவன் இதுக்கு என்ன பேரு வெப்பான்?" என்றார். மணல் என்றேன். அதற்காகவே எனக்கு வேலை கொடுத்ததாகப் பின்னால் சொன்னார். நான் நம்பவில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் பரல்கல், பொடிக்கல் என்று அர்த்தமாம். நம் பழைய நிகண்டிலும் அயிர் என்ற ஒரே சொல் நுண்மணலுக்கும் கண்ட சர்க்கரைக்கும் உண்டு என்று அவர் சொல்வார். வாயில் வைப்பதற்கு முன்னால் கையில் பட்டதை வைத்துத்தான் மனிதன் பெயர் வைத்திருக்கிறான். அந்தப் பொடிக்கல் பிறகு ஊர் சுற்றக் கிளம்பியது. பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், துருக்கியில் ஷெக்கேர். அரபிக்காரன் சொல்லுக்கு முன்னால் போடும் 'அல்' ஒட்டிக்கொண்டு ஸ்பெயினில் அசூகார் ஆனது. இங்கிலீஷில் சுகர். கேரளத்தில் வெல்லத்தைச் சக்கர என்று சொல்வதைக் கேட்டுப் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டு போக, அது ஜாக்கரி என்று கோட்டு சூட்டு போட்டுத் திரும்பி வந்தது. இவை எல்லாவற்றையும் அவர் அந்தப் பலகையில் எழுதினார். இடது பக்கம் சொல், நடுவில் பாஷை, வலது பக்கம் அர்த்தம்.

அவர் ஓய்வு பெற்றபின் பலகை என் பொறுப்புக்கு வந்தது. மெஷின் மாட்ட வந்த மராட்டிக்காரர் சாக்கர் என்று எழுதினார். பாலக்கோட்டுப் பக்கத்துத் தெலுங்கு பேசும் கரும்பு விவசாயி ஒருவர் சக்கெர என்று சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எங்கள் சீஃப் இன்ஜினியர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் ஊரில் வெள்ளையாக இருந்தால்தான் சீனி. ஷக்கர் என்றால் பழுப்பாக, நம் நாட்டுச் சர்க்கரை போல இருக்கும். சீனி, மிஸ்ரி என்று பலகையில் எழுதிவிட்டு, சீனிதான் அசல் என்று வாதாடுவார். சீனி என்றால் சீனத்துச் சரக்கு, உங்கள் மிஸ்ரிக் கற்கண்டு எகிப்துச் சரக்கு, எங்கள் ஊர்க் கடையில் கேட்கும் அஸ்காகூட ஒடிசாவில் ஏதோ ஒரு ஊரின் பெயர், மண்ணாக இருந்தாலும் சர்க்கரை ஒன்றுதான் சொந்த மண் என்று நான் சொல்வேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். மங்கும்போதெல்லாம் அவரவர் எழுத்தின் மேலேயே சாக்பீஸை ஓட்டி அந்தப் பலகையைக் காப்பாற்றி வந்தேன்.

நம்மூரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அதை நான் பலகையில் எழுதவில்லை. "அவருக்குச் சர்க்கரை இருக்குது" என்றால் சர்க்கரை டப்பா இருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வெளியில் அது சாதாரண வியாதி. கோயிலில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், எனக்கு இவ்வளவு உனக்கு எவ்வளவு என்று தாராளமாகப் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஆலைக்குள் மட்டும் அது வாயைத் திறந்து சொல்லக்கூடாத வியாதி. சொன்னால், "இங்க தின்னது பத்தாதுன்னு வூட்டுக்கும் கட்டிக்கினு போயிருப்பான்" என்று ஒரு குரல் வரும். விளையாட்டுத்தான். ஆனால் டைம் ஆபீஸில் ஒருவருக்கு வியாதி வந்தது தெரிந்ததும் அவருக்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டில் அவர் பையை மட்டும் சிரித்துக்கொண்டே இரண்டாம் தரம் திறந்து பார்ப்பார்கள். அந்த மனிதர் கடைசி நாள்வரை சிரித்துச் சமாளித்தார். போகிற அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். அதைப் பார்த்த மற்றவர்கள் மாத்திரையை மறைவில் போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டார்கள்.

மாதையனும் அப்படித்தான். அவர் பான் மேன். பான் என்பது கரும்புப் பாகைக் காய்ச்சும் மூடிய பெரிய கொப்பரை என்பது உங்களுக்குத் தெரியும். அதில் முதல் சர்க்கரை மணி பிறக்கிற நேரத்தைப் பிடிப்பதுதான், கிரெய்ன் பிடிப்பது என்று நாம் சொல்வதுதான், அவர் வேலை. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசும் குடும்பம். வீட்டில் கன்னடம், ஆலையில் நம் பேச்சு. மரியாதைக்குப் பிறந்த மனிதர். ஷிப்டுக்கு வந்ததும் கேன்டீன் பூனையைக்கூட "நவுந்துக்குங்க" என்றுதான் சொல்வார். யாரிடமும் 'ங்க' போடாமல் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் கேன்டீனுக்குப் பின்னால் அவர் டீயில் மிளகைவிடச் சின்ன மாத்திரை ஒன்றைப் போடுவதைப் பார்த்துவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், நீங்க ஒண்ணும் பாக்கலீங்க" என்றார். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். சங்கடத்தை மாற்றுவதற்காக, அது சாக்கரினா என்று கேட்டு, அந்தப் பெயரும் நம் சர்க்கரையின் வழியில் வந்ததுதான் என்று சொன்னேன். "பேரு மட்டுந்தானுங்களா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தார். பெயர் மட்டும்தான், உள்ளே சர்க்கரை துளிகூட இல்லை என்றேன். அதே வாயோடு, உங்கள் வீட்டுச் சொல்லை வந்து பலகையில் எழுதுங்கள் என்று கூப்பிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெயரைக் கையால் எழுத மாட்டேன், கேட்டாலே ஆகவில்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை.

இனி அந்த நாள். அரவை உச்சத்தில் இருந்தது. யார்டில் கரும்பு டிராக்டர்கள் ரோடுவரை நின்றன. காலையில் பாய்லரில் ஸ்டீம் குறைந்து, பான் எல்லாம் பாகோடு காத்துக் கிடந்தன. ஸ்டீம் சரியானபோது மதியம். மாதையன் சாப்பிட உட்கார வேண்டிய நேரத்தில் அவர் பானில் கிரெய்ன் பிடிக்க வேண்டியதாயிற்று. கிரெய்ன் வரும்போது பான் மேன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது நம் ஆலைகளில் எழுதாத சட்டம். மணி பிறந்து கெட்டிப்படுவதற்குள் கவனம் தப்பினால் பொடிப்பொடியாக வேண்டாத மணி பிறந்து மொத்தப் பானும் பாழாகும். நல்ல சட்டம்தான். அதை மாற்றாளுக்கு ஏற்பாடு செய்யாமல் வைத்திருந்ததுதான் எங்கள் முட்டாள்தனம்.

நான் சாம்பிள் எடுக்கப் பான் தளத்துக்கு ஏறினேன். மாதையன் பானின் பார்வைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போதும்போல் சாம்பிள் வேண்டும் என்றேன். அவர் திரும்பாமலே, "எடுத்துக்கினு போ" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. என்ன மாதையன் என்று பக்கத்தில் போனேன். "போன்னு சொன்னா போக மாட்டியா நீ?" என்றார். ஷிப்ட் இன்ஜினியர் செல்வம் பின்னால் நின்றிருந்தார். எங்கள் ஊர்ப் பையன், வேகமான ஆள், மனசு கெட்டவர் இல்லை. அவர் என் காதருகில் வந்து, இவர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மேடம், சீஃப் இன்ஜினியர் வருவதற்குள் கீழே இறக்கிப் படுக்க வைத்துவிடலாம் என்றார். அவர் மாதையனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். குடித்திருந்தால் சஸ்பென்ஷன். அதற்குள் மாதையன் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். பிறகு சாய்ந்துவிட்டார்.

தளத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சூடு தாங்கவில்லை, காற்று விடு, தண்ணீர் தெளி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூட்டில் விழுந்தவர் உடம்பு கொதிக்க வேண்டும். இவர் சட்டையைப் பிழியலாம் போல் நனைந்திருந்தார், தோல் ஜில்லென்று இருந்தது. மூச்சில் வாடை எதுவும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூணில் ஆணியில் அவருடைய டிபன் கேரியர் தொங்கியது. எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. காலையில் சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை போட்டிருக்கிறார், மதியம்வரை சோறு இறங்கவில்லை. என் அண்ணனுக்கு ஒரு தடவை இதே போல் வந்திருக்கிறது. சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டது.

அப்போதுதான் சீஃப் இன்ஜினியர் படியேறி வந்தார். என்ன ஆயிற்று என்றார். இந்த இடத்தில் நான் சற்று நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் மூட்டை என்று சிரித்தவர்கள். ஆனால் வாக்கைக் காப்பாற்றி ஆளை விட்டுவிட்டால் அந்த வாக்கை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? "இவருக்குச் சர்க்கரை இருக்குதுங்க சார். சாப்பிடாம மாத்திரை போட்டிருக்காரு. உடனே சர்க்கரை குடுக்கணும்" என்றேன்.

சொன்னதும் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சிக்கலே. குளுக்கோஸ் உள்ள எலெக்ட்ரால் பொடியைத் தண்ணீரில் கலந்துகொண்டு ஓடி வந்த ஒருவரை மற்றவர்கள் பிடித்துத் தள்ளியதில் அது கொட்டிப்போயிற்று. சர்க்கரை இருக்கிறவனுக்குச் சர்க்கரையா, கொல்லப் பார்க்கிறீர்களா என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அந்த வியாதி வந்த எல்லோரிடமிருந்தும் பிடுங்கப்படுகிற முதல் பொருள் அதுதான். சீஃப் இன்ஜினியரே கையை நீட்டி மறித்தார். "மேடம், நீங்க கெமிஸ்ட். டாக்டர் இல்லே. ஆம்புலன்ஸ் வரட்டும்" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் ரோட்டில் நிற்கிற டிராக்டர்களைத் தாண்டி அது உள்ளே வர வேண்டும்.

செல்வம் ஒருவர்தான் நான் சொன்னதை நம்பினார். நம்பியவர் சும்மா நிற்கவில்லை. பானுக்குப் பக்கத்து அலமாரியில் 'சுகர்' என்று எழுதியிருந்த பாட்டிலைத் தாவி எடுத்து மூடியைத் திறந்துகொண்டு குனிந்தார். நான் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். பாட்டில் உருண்டு போயிற்று. அது கிரெய்ன் பிடிக்க ஊற்றும் விதை. மாவாக அரைத்த சர்க்கரைதான், ஆனால் அது மிதப்பது ஸ்பிரிட்டில். அதை மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றியிருந்தால் ஆம்புலன்ஸுக்கு வேலையே இருந்திருக்காது. செல்வத்துக்கும் அது தெரியும், தினமும் கையாளுகிற பொருள். பதற்றத்தில் கண் பெயரை மட்டும்தான் படித்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலைபோல் சர்க்கரை செய்கிற ஆலை. கீழே குடோனில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தில் ஒரு மனிதன் வாயில் வைக்கிற மாதிரி ஒரு சிட்டிகை இல்லை. பானில் இருப்பது கொதிக்கிற பாகு. பாட்டிலில் இருப்பது விஷம். அவர் சட்டைப்பையில் இருப்பது பெயரளவில் சர்க்கரையான மாத்திரை. எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பத்துப் பெயர்.

நான் லேபுக்கு ஓடினேன். முந்தின நாள் சர்க்கரையின் சாம்பிள் பாட்டில் சீல் வைத்து மேஜைமேல் இருந்தது. அதை உடைத்தால் பதில் சொல்ல வேண்டும். உடைத்துக்கொண்டே ஓடி வந்தேன். சீஃப் இன்ஜினியர் இன்னும் மறித்துக்கொண்டுதான் நின்றார். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏறியிருந்தா இந்தக் கொஞ்சத்துனால இன்னிக்கு ஒண்ணும் ஆயிடாது சார், ஆஸ்பத்திரியில எறக்கிருவாங்க. எறங்கியிருந்து நாம குடுக்காம விட்டா ஆளே கெடைக்க மாட்டாரு." அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்லவிருந்த பாடம் அதற்குள் இருக்கிறது. எது சரி என்று தெரியாதபோது, எந்தத் தப்பைப் பிறகு திருத்த முடியும் என்று பாருங்கள்.

மாதையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மயங்கினவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சர்க்கரையைக் கொஞ்சம் நனைத்து, விரலில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமும் ஈறிலும் தேய்த்தேன். செல்வம் தலையைப் பிடித்துக்கொண்டார். தேய்த்தேன், திரும்பத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் யாரோ நான் செய்வது பாவம் என்று முணுமுணுத்தார்கள். ஒருவேளை நான் நினைத்தது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பிடித்தது. அவசரத்தில் பாதிச் சர்க்கரை அவர் பல்லில் ஒட்டியது. என் குலதெய்வத்தை மட்டும் இல்லை, ஊரில் இருக்கிற எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

அவர் தாடை அசைந்தது. பல்லுக்கிடையில் சர்க்கரை நறநறவென்றது. கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்து, "யாருங்க... யாருங்க என் வாயில மண்ணள்ளிப் போட்டது?" என்றார்.

அந்த 'ங்க' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. சொன்னது என்ன என்றுகூட நான் கவனிக்கவில்லை. பானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், அழவும் செய்தேன். செல்வம் என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். மாதையன் விழுங்கத் தொடங்கியதும் மிச்சத்தைக் கெட்டியாகக் கரைத்து மெதுவாகக் குடிக்க வைத்தோம்.

கண் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது கிரெய்ன் என்ன ஆயிற்று என்று. அது எப்போதோ பாழாகியிருந்தது. சீஃப் இன்ஜினியர், கரைத்துவிட்டுத் திரும்பக் காய்ச்சலாம், பேசாமல் படு என்றார். பிறகுதான் மாதையன் சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தார். என் கையில் இருந்த சாம்பிள் பாட்டிலைப் பார்த்தார். வாயில் மண் விழுந்தது என்று அவர் உளறியது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. "சொல்லிட்டீங்களா மேடம்?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து, பானுக்குள்ளேயே வாயை வைத்திருப்பான் போல என்று ஒரு குரல் வந்தது. நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

சீஃப் இன்ஜினியர் திரும்பினார். தன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். மாதையன் டீயில் போடுகிற அதே மாத்திரை. "எனக்கும் இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு. நான் எந்த மூட்டையைத் தின்னேன், சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கொடுத்தது நல்லதாயிற்று, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூளையைத் தொட்டிருக்கும் என்று செல்வத்திடம் சொன்னாராம். சாயங்காலம் அந்தச் செய்தி வந்தபோதுதான் நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேன்டீனில் எனக்குப் பிடிக்காத உப்புமாவை இரண்டு பிளேட் தின்றேன். அவ்வளவு ருசியான உப்புமாவை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க லேபுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எடைமேடைக்காரர், ஒரு பிட்டர், கேன்டீன் மாஸ்டர், இன்னும் பலர். கதவைச் சாத்திவிட்டு, எனக்கும் இருக்குதுங்க மேடம் என்பார்கள். சிலர் மாத்திரையைக் காட்டி எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சீஃப் இன்ஜினியர் சொன்னதையே அவர்களுக்கும் சொல்லி, டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். கேட்டில் பையைத் திறந்து சிரிப்பவரும் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

சீல் உடைத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். ஒரு மனிதர் வாயில் போட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து பதிலே வரவில்லை. கிரெய்ன் நேரத்தில் பான் மேனுக்குச் சாப்பாட்டு மாற்றாள் என்ற ஏற்பாடு அந்த மாதம் வந்தது. விதைப் பாட்டிலில் இருந்த சுகர் என்ற சொல்லைச் செல்வம் தன் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, விஷம் என்று சிவப்பில் எழுதி ஒட்டினார். பான் தளத்துத் தூணில் இப்போதும் ஒரு சர்க்கரை டப்பா தொங்குகிறது. அது எதற்கு என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். டீக்கு எடுத்துக் காலி செய்கிறவர்கள் அன்றன்றே நிரப்பி வையுங்கள்.

மாதையன் திரும்பி வருவாரா என்றுதான் எனக்குக் கவலை. மனம் விட்டுப்போயிருந்தால், யார்டில் கரும்பு எண்ணப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார். வந்தார். டாக்டர் சீட்டோடு வந்து, அதே பானுக்கு முன்னால் நின்றார். என்னிடம் மட்டும் பேசவில்லை. சாம்பிள் எடுக்கப் போனால் எடுத்துக்குங்க என்பார், அவ்வளவுதான். வாக்கை மீறினேன், அதற்கு இது நியாயம்தான் என்று இருந்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் வலித்தது.

அரவை முடிகிற சமயம் ஒரு மத்தியானம் அவர் லேபுக்குள் வந்தார். நேரே பலகைக்கு முன்னால் போய் நின்று, சாக்பீஸ் கேட்டு வாங்கினார். கடைசியில், மிஸ்ரிக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில் சக்கரே என்று எழுதினார். நடுவில் கன்னடம் என்று எழுதினார். கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வலது பக்கம் காலியாக இருந்தது. அர்த்தம் எழுதவில்லையே மாதையன் என்று கூப்பிட்டேன்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதத்தான் அன்னிக்கு என் வாயிலயே வெச்சுட்டீங்களே மேடம். எழுதி வேற காட்டணுங்களா?" என்றார்.

அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஷிப்ட் அட்டவணைக்கு வேறு பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.